முந்தி விழுந்த அடி

ஜனவரி 12

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. எல்லோரும் என்றால் நாங்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் உங்கள் தம்பி. ஆகவே நலம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? வார்டில் இன்னும் ஓடிக்கொண்டேதான் இருக்கிறீர்களா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைக்காதீர்கள். ஒற்றை அறை வீட்டில் நான் எது பேசினாலும் கட்டிலில் இருப்பவர் காதில் விழுகிறது. கழுத்துக்குக் கீழே ஒன்றும் அசையவில்லை என்றாலும் காது மட்டும் நாளுக்கு நாள் கூர்மையாகிக்கொண்டே போகிறது. அடுப்படியில் நான் பெருமூச்சு விட்டால் "என்ன ஆச்சு?" என்று குரல் வருகிறது. பெருமூச்சுக்கெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தால் நான் எப்போது மூச்சு விடுவது?

முதுகில் புண் இல்லை. நீங்கள் சொன்னபடி பக்கம் மாற்றிப் படுக்க வைக்கிறேன்.

நேற்று டிரம் மாஸ்டர் வந்திருந்தார். பயிற்சியின்போது உங்கள் தம்பி பின்னுக்கு நடந்து மேடை விளிம்பிலிருந்து விழுந்தாரே, அதற்குப் பிறகு இந்த இரண்டு வருஷத்தில் மாஸ்டர் எங்கள் வீட்டுக்குள் கால் வைப்பது இதுதான் முதல் தடவை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்தபடியே விஷயத்தைச் சொன்னார். மே மாதம் ஸ்டேடியத்தில் இறுதிப் போட்டி. ஆட்டத்துக்கு முன்னால் டிரம் வரிசை மைதானத்தில் இறங்கும். பெரிய டிரம்மில் விழும் முதல் அடியை உங்கள் தம்பிதான் அடிக்க வேண்டுமாம்.

"எதால அடிக்கட்டும் மாஸ்டர், மூக்காலயா?" என்று கேட்டார் உங்கள் தம்பி.

மாஸ்டர் சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் சக்கர நாற்காலிகளைப் பழுது பார்க்கும் அம்மா ஒருவரிடம் ஏற்கெனவே பேசிவிட்டாராம். வாயில் ஒரு குழாய் இருக்கும். அதில் ஊதினால் இரும்புக் கை ஒன்று டிரம்மை அடிக்கும். கோல் பிடிக்கக் கை தேவையில்லை.

மாஸ்டர் போன பிறகு இவர் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்த அம்மாவ வரச் சொல்லு" என்றார். இந்த இரண்டு வருஷத்தில் தனக்கென்று அவர் கேட்ட முதல் விஷயம் இது, அண்ணி. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடவே, இன்னொரு வேலை வந்து சேர்ந்ததே என்றும் இருந்தது. இரண்டும் ஒன்றாக வருமா என்று கேட்காதீர்கள், வந்தது.

வலது தோள் கொஞ்சம் பிடித்திருக்கிறது. பெரிதாக ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
உங்கள் ஊசி

பிப்ரவரி 3

என் ஊசிக்கு,

உனக்கு இந்தப் பெயரை வைத்தது கையில் இருக்கும் ஊசிக்காகவா, வாயில் இருக்கும் ஊசிக்காகவா என்று எனக்கே மறந்துவிட்டது. கடிதம் கண்டு சிரித்தேன். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. அதோடு நான் சமாதானம் ஆகிவிட்டேன்.

தம்பி ஊதப் போகிறான் என்றால் நல்லதுதான், நுரையீரலுக்கும் பயிற்சி. ஆனால் சாப்பிட்டவுடன் ஊத விடாதே. குழாயைத் தினமும் வெந்நீரில் கழுவு. தலைசுற்றல் என்று சொன்னால் அன்றைக்கு அவ்வளவுதான், நிறுத்திவிடு.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். நான் வேலை பார்க்கும் இல்லத்தில் எல்லோரும் தம்பியைப் போலத் தண்டுவடம் அடிபட்டவர்கள். இங்கே ஒருவரைப் பக்கம் மாற்ற இரண்டு பேர் போகிறோம். தூக்குவதற்கு மெஷின் இருக்கிறது. நீ ஒருத்தி அதைத் தனியாகச் செய்துகொண்டு, தோள் "கொஞ்சம்" பிடித்திருக்கிறது என்று எழுதுகிறாய். இதே வேலையில் தலை நரைத்தவள் நான். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

மே மாதக் கடைசியில் ஜன்னலோரக் கட்டில் ஒன்று காலியாகிறது. தம்பியை அதற்கு அனுப்புகிறாயா? டாக்டரிடமும் அலுவலகத்திலும் சொல்லி வைத்திருக்கிறேன். அவனிடம் நான் இதைப் பேசவில்லை. முதலில் உன் மனதைச் சொல்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அண்ணி

பிப்ரவரி 27

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நாங்கள் இருவரும் வழக்கம்போல இருக்கிறோம். நீங்கள் வெயிலில் அலையாமல் இருங்கள்.

மெஷின் வந்துவிட்டது. சக்கர நாற்காலியில் ஒரு கம்பி வளைந்து வந்து குழாயை வாய்க்கு நேரே நீட்டுகிறது. ஊதினால் அந்தக் காற்று ஒரு பெட்டிக்குள் போய், அங்கிருந்து இரும்புக் கைக்குப் போய், கை எழுந்து, டிரம்மில் விழுகிறது. மெதுவாக ஊதினால் மெல்லிய அடி, பலமாக ஊதினால் பெரிய அடி. மெக்கானிக் அம்மா வெற்றிலை பாக்கு மாதிரி ஸ்க்ரூக்களை வாயில் அதக்கிக்கொண்டே வேலை செய்கிறார். விழுங்கிவிடப் போகிறாரே என்று நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரே குறைதான். ஊதுவதற்கும் அடி விழுவதற்கும் நடுவே ஒரு இடைவெளி இருக்கிறது. சின்னதுதான். எனக்குத் தெரியவே இல்லை. உங்கள் தம்பிக்கு மட்டும் பல்லில் கல் கடித்த மாதிரி முகம் போயிற்று. "லேட்டா விழுது" என்றார். மறுபடி ஊதினார். "லேட்டு."

மெக்கானிக் அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. அப்போது இவரே சமாதானம் சொன்னார். அடிபடுவதற்கு முன் ஸ்டேடியத்தில் இவர் நின்றதெல்லாம் வரிசையின் கடைக்கோடியில். இந்தக் கோடியில் அடிக்கும் சத்தம் அந்தக் கோடிக்குப் போய்ச் சேருவதற்குள் பிந்திவிடுமாம். காதில் விழுந்த பிறகு அடிப்பவன் மொத்த வரிசையையும் கெடுத்துவிடுவானாம். அதனால் காதை மறந்துவிட்டு மாஸ்டரின் கையையே பார்த்து அடிக்க வேண்டும். "மெஷின் லேட்டுன்னா நான் முந்தி ஊதிக்கிறேன். எனக்கு இது பழக்கம்தான்" என்றார்.

அன்றிலிருந்து வீட்டில் ஓயாமல் டொம். பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை எட்டிப் பார்த்தார். குழாயையும் இவரையும் பார்த்துவிட்டுக் கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

டிரம் வரிசைக்குப் புதுச் சீருடை தைக்கும் வேலையும் எனக்கே வந்திருக்கிறது. இன்னும் நிறைய சட்டைகள் பாக்கி. அதனால் இத்துடன் நிறுத்துகிறேன்.

உங்கள் ஊசி

மார்ச் 15

என் ஊசிக்கு,

நலம். நீயும் நலம் என்று நம்பப் பார்க்கிறேன்.

மெஷினைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். மெக்கானிக் அம்மா வாயில் ஸ்க்ரூ இருந்தது வரைக்கும் எழுதியிருக்கிறாய். கட்டிலைப் பற்றி ஒரு வரி இல்லை. கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஓரத்தில் கிறுக்கியிருப்பாயோ என்று.

வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுது. நான் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டேன். இங்கே ஆள் குறைவு. எனக்கும் நிற்கத் தெம்பில்லை. மற்றதை அடுத்த வாரம் எழுதுகிறேன்.

அண்ணி

ஏப்ரல் 18

அன்புள்ள அண்ணிக்கு,

பதில் எழுத இத்தனை தாமதம் ஆனதற்குத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். இவருக்குச் சிறுநீரில் தொற்று ஏற்பட்டுக் காய்ச்சல் வந்துவிட்டது. நீங்கள் பயப்படுவீர்கள் என்றுதான் அப்போதே சொல்லவில்லை. இப்போது சரியாகிவிட்டது. உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

காய்ச்சல் விட்டதும் முதல் வேலையாகக் குழாயைத்தான் கேட்டார். மாஸ்டர் வந்து எதிரே நின்று கையைத் தூக்குவார். கை உச்சியில் இருக்கும்போதே இவர் ஊதிவிட வேண்டும். கை கீழே வந்து சேரும்போது அடி விழும். பத்து தடவை சரியாக வரும், அடுத்த தடவை பிசகும். பிசகினால் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். சாப்பாடு ஊட்டப் போனால் வாயைத் திறக்க மாட்டார். குழாய்க்கு மட்டும் திறக்கும் அந்த வாய். "நான் என்ன, டிரம்மா? என்மேல ஏன் காட்டறீங்க?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசாமல் இருந்தோம். பேசாமல் இருந்தாலும் பக்கம் மாற்றிப் படுக்க வைக்கத்தான் வேண்டும். சண்டை போட்டுக்கொண்டு அடுத்த அறைக்குப் போக எங்களுக்கு அடுத்த அறையும் கிடையாது.

அவருக்கும் சீருடை தைத்துவிட்டேன். தைத்து முடித்து, பித்தான் வைத்து, இஸ்திரியும் போட்டுவிட்டு, பிறகு முதுகுப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை நானே கத்தரிக்கோலால் வெட்டினேன். வேறு வழியில்லை. முன்பக்கமாகக் கைகளை நுழைத்துப் பின்னால் நாடா கட்டிவிட்டால் போதும், அவரைத் தூக்க வேண்டாம். முன்னால் பார்த்தால் முழுச் சட்டை மாதிரியே இருக்கும். வெட்டும்போது எனக்கு அழுகை வந்தது. எதற்கு என்று யோசிக்க நேரமில்லை, அடுத்த சட்டை காத்திருந்தது.

மெக்கானிக் அம்மாவைத் தனியாகப் பிடித்து, இந்த இடைவெளிக்கு ஏதாவது வழி பண்ணுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். மின்சாரத்தில் ஓடும் கை ஒன்று இருக்கிறதாம். ஊதிய அடுத்த கணமே அடி விழுமாம். கிடைத்தால் கொண்டுவருவதாகச் சொன்னார். இவருக்குத் தெரிய வேண்டாம் என்றேன். கிடைக்காவிட்டால் ஏமாந்துபோவார்.

நீங்கள் கேட்ட விஷயத்தைப் பிறகு எழுதுகிறேன்.

உங்கள் ஊசி

ஏப்ரல் 30

என் ஊசிக்கு,

உன் கையெழுத்து எப்போதும் தையல் போட்ட மாதிரி நேராக ஓடும். இந்தத் தடவை வரிகள் எல்லாம் கீழ்நோக்கிச் சரிந்து கிடக்கின்றன. இடது கையால் எழுதினாயா? உண்மையைச் சொல்.

அலுவலகத்தில் கட்டிலுக்கு ஆள் கேட்கிறார்கள். மே இருபத்தைந்துக்குள் சொல்லிவிட வேண்டும். நான் அவனுடன் பிறந்தவள்தான். அதற்காக உன்னை நிறுத்தி வைத்து நியாயம் கேட்கப் போகிறவள் இல்லை. நீ ஆமாம் என்றாலும், இல்லை என்றாலும் உன்மேல் எனக்கு இருக்கும் மரியாதை ஒரு துளியும் குறையாது. மௌனமாக மட்டும் இருக்காதே. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அண்ணி

மே 19

அன்புள்ள அண்ணிக்கு,

நேற்று நடந்ததை உடனே எழுதாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும். அதனால் நல விசாரிப்பையெல்லாம் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

முந்தின நாள் சாயங்காலம் மெக்கானிக் அம்மா மின்சாரக் கையோடு வந்துவிட்டார். டிரம் ஸ்டேடியத்தில் இருந்ததால் நேரே அங்கே போய்ப் பழைய உறைக்குள்ளேயே அதைப் பொருத்திவிட்டார். இவரிடம் சொல்லிவிடலாமா என்று என்னைக் கேட்டார். சொன்னால் பதறுவார், தானாகச் சரியாக விழுந்தால் சந்தோஷப்படுவார் என்றேன். எல்லாம் தெரிந்தவள் மாதிரிச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டார்.

ஸ்டேடியத்துக்குள் நுழைந்தோம். சுற்றிலும் அடுக்கடுக்காக ஜனம். புல்லில் சக்கரம் புதையாமல் இருக்கப் பலகை போட்டு, இவரை டிரம்முக்குப் பின்னால் நிறுத்தினோம். சீருடையில் பழைய ஆள் மாதிரியே இருந்தார். டிரம் வரிசை மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நின்றது. மாஸ்டர் நடுவில் ஒரு மேடையில் ஏறி நின்றார். கூட்டம் அடங்கியது. அவர் கையைத் தூக்கினார்.

கை உச்சியில் இருக்கும்போதே இவர் ஊதினார். மூன்று மாதமாகப் பழகியபடி, அச்சு அசலாக ஊதினார். புதுக் கை ஒரு கணம்கூடக் காத்திருக்கவில்லை. டொம் என்று விழுந்தது. மாஸ்டரின் கை இன்னும் மேலேயே இருக்கிறது. அத்தனை பெரிய மைதானத்தில் அந்த ஒற்றை அடி மட்டும் போய் எதிர்ப்பக்கம் மோதித் திரும்பி வந்தது. மெக்கானிக் அம்மா என்னைப் பார்த்தார். நான் புல்லைப் பார்த்தேன்.

அப்போது கடைக்கோடியில் ஒரு டிரம் சேர்ந்துகொண்டது. இவர் நின்ற இடத்தில் இப்போது நிற்பவர்தான் அடித்தார், ஏதோ இப்படித்தான் என்று பேசி வைத்த மாதிரி. அடுத்தவர் சேர்ந்தார். பிறகு மொத்த வரிசையும் இவர் பின்னால் வந்துவிட்டது. மாஸ்டர்தான் தாமதமாகி, அவசரமாகக் கையை இறக்கினார். கூட்டம் எழுந்து நின்று கத்தியது. யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

எங்களுக்குத் தெரியும். வண்டியில் திரும்பும்போது, "நான் சரியாத்தான் ஊதினேன்" என்று மட்டும் சொன்னார். நான் சட்டையை மடித்துக்கொண்டிருந்தேன். மடித்ததையே திரும்பவும் மடித்தேன்.

கட்டில் விஷயமாக நீங்கள் கேட்டதற்கு, நான் நினைப்பது என்னவென்றால்,

நேரமாகிவிட்டது அண்ணி, அவரைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். நீங்கள் நலமாக இருங்கள்.

ஊசி

மே 21

அக்கா,

இதை நானே எழுதுகிறேன். மெக்கானிக் அம்மா ஒரு திரையைக் குழாயோடு இணைத்துக் கொடுத்திருக்கிறார், அதில் எழுத்துகள் ஒவ்வொன்றாக நகரும். வேண்டியது வரும்போது ஊத வேண்டும். ஒரு பகல் முழுக்க ஆகிறது. அதனால் சுருக்கமாக நலம், நலமே விரும்புகிறேன். இதை அனுப்புவது மெக்கானிக் அம்மா. என்ன எழுதுகிறேன் என்று இவளுக்குத் தெரியாது.

ஜன்னலோரக் கட்டிலை எனக்கு எடுத்து வை.

எப்படித் தெரியும் என்கிறாயா? மார்ச்சில் உன் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. இவள் துணி கொடுக்கப் போயிருந்தாள். என் குரலுக்கு எடுக்கிற போன்தானே, எடுத்தேன். கட்டிலுக்கு என்ன பதில் என்று கேட்டார்கள். அன்றிலிருந்து இவள் வாயால் சொல்லுவாள் என்று காத்திருந்தேன். நேற்றுவரை காத்திருந்தேன்.

புதுக் கையை வைக்கச் சொன்னது இவள் என்று மெக்கானிக் அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். முதலில் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். போதும் என்று என்னிடம் சொல்ல வாய் வராமல், மெஷினைத் திருத்தப் போயிருக்கிறாள். ஊரையே குத்துகிற வாய் அது. இந்த ஒன்றை மட்டும் சொல்ல முடியவில்லை.

நான் கடைக்கோடியில் நின்றவன். சத்தம் வரட்டும் என்று காத்திருந்தது என் தப்பு. கையைப் பார்த்திருக்க வேண்டும். இப்போது பார்க்கிறேன். வலது கை தோளுக்கு மேல் எழும்புவதில்லை. இடது கையால் தலை வாருகிறாள். எனக்கு முதுகைக் காட்டி நின்று வாருகிறாள்.

தியாகம் கியாகம் என்று அழுது வைக்காதே. எனக்கும் அலுத்துவிட்டது. ஒருத்தியின் முழு நாளும் நானாகவே இருப்பது சலிப்பான வேலை.

எத்தனை நாள் என்று என்னிடம் கேட்காதே. திரும்பி வா என்று இவள் சொல்லட்டும். அது ஒன்றுக்கு மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பேன்.

தம்பி

ஜூன் 9

என் ஊசிக்கு,

தம்பி நலம். நீ எப்படி இருக்கிறாய்?

நான் வண்டியோடு வந்து அவனை அழைத்துக்கொண்டு கிளம்பியபோது நீ வாசலில் நின்றாய். ஒரு வார்த்தை பேசவில்லை. போர்வையின் ஓரத்தை மட்டும் செருகிவிட்டாய். அதற்குப் பிறகும் ஒரு வரி வரவில்லை.

இங்கே நர்ஸைக் கூப்பிடக் குழாயில் ஊதினால் மணி அடிக்கும்படி வைத்திருக்கிறோம். எல்லோரும் ஒருமுறை ஊதுவார்கள். இவன் தாளம் போட்டு ஊதுகிறான். ஓடிப்போனால், சும்மாதான் என்கிறான். என் முழங்கால் என்ன பாவம் செய்தது? ஆனால் தபால் வரும் நேரத்தில் மட்டும் சத்தமே இருக்காது. எதுவும் கேட்க மாட்டான். கதவைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பான்.

அண்ணி

ஜூன் 24

உங்களுக்கு,

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. சாப்பிட்டீர்களா? முதுகு எப்படி இருக்கிறது? அண்ணி வாசித்துக் காட்டினால் காட்டட்டும். இனிமேல் ஒளிக்க ஒன்றுமில்லை.

யாரைக் கேட்டு முடிவு செய்தீர்கள்? இதைக் கேட்கத்தான் வாசலில் நின்றேன். அழுகை முட்டிக்கொண்டு வந்ததால் வாயைத் திறக்கவில்லை. நான் ஆமாம் என்று சொல்லத்தான் இருந்தேன். மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். நான்காவது தடவை கிழித்திருக்க மாட்டேன். என் வாயால் சொல்லி, நான் பொல்லாதவள் ஆகி, அதைத் தாங்கிக்கொண்டும் இருந்திருப்பேன். அதற்குக்கூட நீங்கள் இடம் கொடுக்கவில்லை. ஆனால் நீங்கள் முந்திக்கொண்டதில் எனக்கு எவ்வளவு பெரிய நிம்மதி தெரியுமா? அந்த நிம்மதியை நினைத்தால்தான் உங்கள்மேல் கோபம் கோபமாக வருகிறது. மெஷின் விஷயத்தில் நானும் இதையேதான் செய்தேன். அதனால் சரிக்குச் சரி என்று விட்டுவிடுகிறேன்.

நீங்கள் போன பிறகு தூங்கினேன். சாப்பிட எழுந்தேன், மறுபடி தூங்கினேன். டாக்டர் தோளைக் கட்டிப்போட்டிருக்கிறார். கட்டைப் பிரிக்க இன்னும் நாளாகுமாம். வீட்டில் பெருமூச்சு விடுகிறேன். என்ன ஆச்சு என்று ஒருவரும் கேட்பதில்லை. நிம்மதியாக இருக்கிறது. நன்றாக இல்லை.

மாஸ்டர் வந்தார். அடுத்த போட்டிக்கும் முதல் அடி உங்களுடையதாம். இந்தத் தடவை பழைய இரும்புக் கையா, புது மின்சாரக் கையா என்று முன்கூட்டியே சொல்லிவிடச் சொன்னார், அவர் தன் கையை அதற்குத் தகுந்தபடி இறக்க வேண்டுமாம்.

உங்கள் சட்டையைத் துவைத்து வைத்திருக்கிறேன். மற்றவர்களுடைய சட்டைகளில் பிரிந்த தையலையெல்லாம் இடது கையால் முடிந்தவரை சரி செய்து கொடுத்துவிட்டேன். உங்களுடையதில் வெட்டிய முதுகைத் தைக்கவில்லை. தைக்கவும் மாட்டேன்.

தோள் சரியானதும் நானே வருவேன். வந்து, திரும்பி வாங்க என்று என் வாயால் சொல்வேன். அதை மட்டும் நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். அதுவரை வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள், அண்ணியின் முழங்காலைப் படுத்தாதீர்கள்.

ஊசி